தீட்டுக்கல் வாங்குமுன்: ஒரு கிருஷ்ணகிரி வீட்டின் கத்தி அனுபவம்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் வீடுகளில் சித்திரையில் கையில் எடுத்த கத்தியை ஆடி முடியும்வரை கீழே வைக்க முடியாது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஊறுகாய்க்குப் பெங்களூரா மாங்காய் நறுக்குவது, வற்றலுக்குச் சீவுவது, பழுத்த செந்தூராவைத் தோல் நீக்குவது ஆகியவற்றோடு அன்றாடச் சமையலும் சேர்ந்துகொள்ளும். ஆடிக்குப் பிறகு மழை பார்த்து ஒட்டுக்கட்டும் வேலை தொடங்கினால், கத்தியின் கூர் வசதிக்காக மட்டும் என்றில்லாமல் செடி பிழைப்பதற்கே தேவைப்படும். முன்பு சைக்கிளில் சாணைச் சக்கரம் பூட்டிக்கொண்டு தெருத்தெருவாக வந்தவர் இப்போது எப்போதாவதுதான் வருகிறார். ஆகவே இந்த வேலையை வீட்டிலேயே கற்றுக்கொள்வது என்று முடிவு செய்து, எந்தக் கருவியை வாங்கலாம் என்று விசாரிக்கத் தொடங்கினேன்.

கடைகளில் முதலில் கண்ணில் படுவது, ஆங்கில வி வடிவப் பிளவில் கத்தியை வைத்து இழுக்கும் சிறிய பிளாஸ்டிக் கருவி. அதற்குப் பழக்கம் எதுவும் தேவையில்லை என்பதால்தான் அது விற்கிறது. அந்தப் பிளவில் இரண்டு கார்பைடுத் தகடுகள் குறுக்காக நிற்கின்றன. அவை கத்தியின் வாயை, அதாவது வெட்டும் விளிம்பை, தேய்த்துக் கூராக்குவதில்லை. நீளவாக்கில் சுரண்டி எடுக்கின்றன. இழுத்த பின் கத்தியை வெளிச்சத்தில் பிடித்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால், வாய் கிழிந்து பற்கள் போல நிற்பது தெரியும். அந்தப் பற்கள் உள்ளவரை தக்காளி நன்றாக வெட்டுப்படும். சில நாளில் அவை மடங்கிவிட, மறுபடியும் இழுக்க வேண்டும், மறுபடியும் இரும்பு போகும். இதைவிடப் பெரிய குறை, அதன் கோணத்தை நம்மால் மாற்ற முடியாது என்பது. மெல்லிய காய்கறிக் கத்திக்கும் தடித்த வெட்டுக்கத்திக்கும் ஒரே கோணத்தை அது திணிக்கும். ஒருபுறம் மட்டும் சரிவுள்ள ஒட்டுக்கத்தியை அதில் விட்டால், அந்தக் கத்தி ஒட்டுக்கட்ட உதவாமல் போய்விடும்.

இறைச்சிக் கடைகளில் தொங்கும் இரும்புக் கம்பியையும் பலர் பரிந்துரைத்தார்கள். அது தீட்டுக்கருவி என்று சொல்வதைவிடப் பராமரிப்புக் கருவி என்று சொல்வதே பொருந்தும். மடங்கிய வாயை அது பெரும்பாலும் நிமிர்த்துகிறது; மழுங்கி உருண்டுபோன வாயைப் புதிதாக உருவாக்கும் அளவுக்கு இரும்பைத் தேய்த்து எடுப்பதில்லை. மின்சாரச் சாணை எந்திரம் வேகமானது. ஆனால் சூடு ஒரு தொல்லை. பட்டறையில் அடித்த கார்பன் எஃகு 220 பாகை செல்சியசை எட்டும்போது வைக்கோல் நிறம் காட்டும், 300 பாகையை நெருங்கும்போது நீலமாகும். நீலம் கண்ட இடத்தில் பதம், அதாவது எஃகுக்கு ஏற்றிய கடினம், இறங்கிவிட்டது என்று பொருள். பிறகு அங்கே எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. வாயின் ஓரம் தாளைவிட மெல்லியது என்பதால் அங்கே சூடு கண நேரத்தில் ஏறிவிடும்.

மீதமிருப்பவை கற்களும் வைரத் தகடுகளும். பாத்திரக் கடையிலோ இரும்புக் கடையிலோ சாம்பல் நிறத்தில் கிடைக்கும் கார்போரண்டம் கல்லை நம் ஊரில் அறியாதவர் இல்லை. சிலிக்கான் கார்பைடு என்ற அந்தப் பொருளை 1891இல் அமெரிக்காவின் எட்வர்ட் ஏச்சிசன் செயற்கை வைரம் செய்ய முயன்றபோது கண்டார். அதற்கு அவர் சூட்டிய வணிகப் பெயரே கார்போரண்டம். முருகப்பா குழுமம் 1954இல் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு சேர்ந்து தேய்ப்புப் பொருள்கள் செய்யும் ஆலையைத் தமிழ்நாட்டில் தொடங்கியபோதும் அந்தப் பெயரையே நிறுவனத்துக்கு வைத்தார்கள். கல்லில் குறை ஒன்றுமில்லை. ஆனால் கடைகளில் தனியாகக் கிடக்கும் பெயரில்லாத கற்களில் பெரும்பாலும் துகளின் அளவைக் காட்டும் கிரிட் எண் எதுவும் இருப்பதில்லை. ஒரு பக்கம் சொரசொரப்பு, மறு பக்கம் நைஸ் என்பதோடு விவரம் முடிந்துவிடுகிறது. அந்த நைஸ் பக்கமும் கொடுவாளுக்கும் மண்வெட்டிக்கும்தான் போதும். தக்காளி நறுக்கும் கத்திக்குப் போதாது.

எண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வாங்குபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் குழம்புகிறார்கள். கிரிட் எண் கூடக் கூடத் துகள் சிறிதாகும் என்பது சரி. ஆனால் ஒரே எண் எல்லாப் பொருளிலும் ஒரே அளவைக் குறிப்பதில்லை. தண்ணீர் விட்டுத் தேய்க்கும் தண்ணீர்க் கல்லில் ஜப்பானிய முறைப்படி 1000 என்று எண்ணிட்டிருந்தால் துகளின் சராசரி அளவு ஏறத்தாழ 11.5 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஐரோப்பிய முறையில் வாட்டர் பேப்பர் என்ற, நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாளின் முதுகில் பி 1000 என்று அச்சிட்டிருந்தால் அது 18.3 மைக்ரான். அதே ஐரோப்பிய முறையில் கற்களுக்கும் சக்கரங்களுக்கும் உரிய எஃப் 1000 என்றால் 4.5 மைக்ரான். ஆகவே 1000 தாளில் தேய்த்த பிறகு 1000 கல்லில் தேய்ப்பது வீண் வேலை என்று எண்ணிவிடக் கூடாது. அந்தக் கல், தாளைவிடத் தெளிவாகவே நைஸானது.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகு நான் தேர்ந்தது ஒரு பக்கம் 400, மறு பக்கம் 1000 உள்ள தண்ணீர்க் கல். மழுங்கிய வாயைத் திரும்ப உருவாக்க 400, அதைச் செம்மையாக்க 1000, அதற்கு மேல் ஒரு பழைய தோல் பெல்ட். 6000, 8000 என்று பளபளப்பாக்கும் கற்கள் சமையலறைக்குத் தேவை இல்லை என்பது என் கருத்து. நம் வீடுகளில் உள்ள துருப்பிடிக்காத எஃகுக் கத்திகளில் பெரும்பாலானவை மென்மையான வகை. அவற்றில் ஏற்றும் கண்ணாடி மெருகு இரண்டு வேளைச் சமையலுக்குள் போய்விடும். மேலும் 1000 கல் விட்டுச் செல்லும் கண்ணுக்குத் தெரியாத நுண்பற்கள்தான் பாலக்கோட்டுத் தக்காளியின் தோலை வழுக்காமல் பற்றுகின்றன. வைரத் தகட்டையும் பயன்படுத்திப் பார்த்தேன். ஊறவைக்க வேண்டாம், குழிவிழாது, வேகமாகத் தேய்க்கும். ஆனால் கையில் கிடைக்கும் உணர்வு குறைவு. அழுத்தித் தேய்ப்பவர் கையில் நிக்கல் பூச்சில் பதித்த வைரத் துகள்கள் பெயர்ந்துவிடும். கற்பவர் எல்லோரும் அழுத்தித்தான் தேய்ப்பார்கள். அதனால் முதல் கருவியாக அதை நான் சொல்வதில்லை.

கல் கைக்கு வந்ததும், அதன் உறையில் ஊறவைக்கச் சொல்லியிருந்தால் குமிழி நிற்கும்வரை தண்ணீரில் மூழ்க வைக்க வேண்டும். தெளித்தாலே போதும் என்ற வகைக் கற்களை ஊறப்போடக் கூடாது. சில வகைகள் விரிசல் விடும். ஈரத் துணியை நான்காக மடித்து அதன்மேல் கல்லை வைத்தால் நகராது. எண்ணெய் இட்டுத் தேய்க்கும் கல்லாக இருந்தால் கடைசிவரை எண்ணெய்தான். அதற்கும் தையல் எந்திர எண்ணெய் போன்ற இளக்கமானது வேண்டும். நல்லெண்ணெய் ஊற்றினால் நாளடைவில் பிசுபிசுத்துக் கல்லின் துளைகளை அடைத்துவிடும்.

அடுத்தது கோணம். இதை அளக்கக் கருவி வேண்டாம். கத்தியின் வாய் கல்லில் பட்டிருக்க, அதன் முதுகு கல்லிலிருந்து எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதுதான் கோணத்தைத் தீர்மானிக்கிறது. அலகின் அகலத்தில் கால் பங்கு உயர்த்தினால் ஏறத்தாழ 15 பாகை. மூன்றில் ஒரு பங்கு உயர்த்தினால் ஏறத்தாழ 20 பாகை. 40 மில்லிமீட்டர் அகலமுள்ள காய்கறிக் கத்திக்கு 15 பாகை வேண்டுமென்றால் முதுகு பத்து மில்லிமீட்டருக்குச் சற்றுமேல் உயர வேண்டும். பத்து ரூபாய் நாணயம் ஒன்றின் தடிப்பு 1.77 மில்லிமீட்டர் என்பதால், ஆறு நாணயங்களை அடுக்கி முதுகுக்கு அடியில் வைத்துப் பார்த்தால் அந்த உயரம் கிடைத்துவிடும். கை அந்த உயரத்தை உணர்ந்ததும் நாணயங்களை எடுத்துவிடலாம். நம் வீட்டு மென்மையான எஃகுக்கு 15ஐவிட 20க்கு நெருக்கமான கோணம்தான் நீடிக்கிறது. எட்டு நாணயம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கோணத்தைக் கண்டுபிடிப்பது எளிது, அதைக் கடைசித் தேய்ப்புவரை மாறாமல் வைத்திருப்பதுதான் கற்க வேண்டிய வித்தை. இதற்கு நான் கண்ட சிறந்த துணை ஒரு மார்க்கர் பேனா. வாயை ஒட்டிய சரிவு முழுவதும் மை பூசி, மெதுவாகச் சில முறை தேய்த்துவிட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். மை முதுகுப் பக்கம் மட்டும் அழிந்திருந்தால் கை தாழ்ந்திருக்கிறது; வாயின் ஓரத்தில் மட்டும் அழிந்திருந்தால் கை உயர்ந்திருக்கிறது; சரிவு முழுவதும் சீராக அழிந்திருந்தால் கோணம் சரி. நுனிக்கு அருகே அலகு வளையும் இடத்தில் எல்லோருக்கும் மை அழியாமல் நிற்கும். அங்கே பிடியைச் சற்றுத் தூக்கினால்தான் அந்த வளைவும் கல்லில் அதே கோணத்தில் படும்.

சந்தூர்ப் பக்கம் நாற்றுப் பண்ணைகளில் ஒட்டுக்கட்டும் பெரியவர் ஒருவரிடம் நான் இதைக் காட்டியபோது, அவர் மையைப் பார்க்கவே இல்லை, காதைக் கொடுத்தார். "கத்தி கெடக்கட்டும்ங்க, சத்தம் ஒரே மாதிரி வருதான்னு கேளுங்க" என்றார். "எங்கே மாறுதுங்கண்ணா?" என்று கேட்டேன். "நீங்க இழுக்கறப்ப கை நிமிருது பாருங்க, அங்க கீச்சுங்குது" என்றார். கோணம் சரியாக இருக்கும்போது கல் தாழ்ந்த குரலில் ஒரே சீராக ஒலிக்கிறது. வாயின் ஓரம் மட்டும் படும்போது குரல் கூர்மையாகிறது. அன்று முதல் தீட்டும் நேரத்தில் நான் வானொலி வைப்பதில்லை.

இனிப் பிசிறு. தீட்டும் கலை முழுவதையும் ஒரே சொல்லில் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போகும்போது, இரு சரிவுகளும் சந்திக்கும் இடத்தை நாம் எட்டியதும், அங்கே இரும்பு மிக மெல்லிய இழையாக மறுபுறம் மடங்கி எழுகிறது. கட்டைவிரலை முதுகிலிருந்து வாயை நோக்கி, வாய்க்குக் குறுக்காக, அலகை விட்டு வெளியே வழுக்கிச் செல்லும்படி மெல்ல இழுத்தால், தேய்க்காத பக்கத்தில் நகத்தில் சிராய் பட்டது போன்ற ஒரு தடங்கல் தட்டுப்படும். விரலை வாயின் நீளவாக்கில் ஓட்டவே கூடாது, ஓட்டினால் வெட்டும். இந்தத் தடங்கல் பிடியடி முதல் நுனிவரை இடைவெளி இல்லாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓரிடத்தில் இல்லையென்றால் அந்த இடம் இன்னும் மழுங்கலாகவே இருக்கிறது. அங்கே மட்டும் மேலும் தேய்க்க வேண்டும். இத்தனை முறை தேய்த்தால் போதும் என்று எண்ணிக்கை சொல்பவர்கள் இருக்கிறார்கள். எண்ணிக்கை கத்திக்குக் கத்தி மாறும். பிசிறு ஒன்றே சாட்சி. பிசிறு எழாமல் பக்கத்தை மாற்றுவதும், சொரசொரப்பான கல்லை விட்டு மென்மையான கல்லுக்குப் போவதும், கத்தி தீட்டியும் வெட்டவில்லை என்ற புலம்பலுக்கு முதல் காரணங்கள்.

தேய்க்கும்போது கல்லின் மேல் கறுப்புக் குழம்பு சேரும். அது அழுக்கன்று; கல்லின் துகளும் கத்தியின் இரும்பும் கலந்தது. அடிக்கடி கழுவித் தள்ள வேண்டியதில்லை, காயும்போது சில துளி தண்ணீர் விட்டால் போதும். கையின் அழுத்தமும் முதலிலிருந்து கடைசிவரை ஒன்றாக இருக்கக் கூடாது. பிசிறு எழும்வரை ஓரளவு அழுத்தலாம். எழுந்த பின் பக்கத்தை மாற்றி மாற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, இறுதியில் கத்தியின் சொந்த எடை மட்டும் கல்லில் படும்படி விட வேண்டும். அப்போதுதான் பிசிறு இங்கும் அங்கும் மடங்காமல் தேய்ந்து போகும். எஞ்சியதைத் தோலில் வாங்கிவிடலாம். பெல்ட்டின் உட்புறத்தில், இரும்புக் கடையில் கட்டியாகக் கிடைக்கும் பச்சை பாலிஷைத் தடவி, கத்தியை முதுகு முன்னே போக, வாய் பின்னே வர இழுக்க வேண்டும். வாயை முன்னே தள்ளினால் தோல் அறுந்துவிடும். சவரக் கத்தியை நாவிதர் தோல்பட்டையில் வீசுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சோதிப்பதற்குச் செய்தித்தாள் நல்லது. ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கத்தியை இறக்கினால், எந்த இடத்தில் தாள் கிழிந்து சிக்குகிறதோ, அலகில் அந்த இடத்தில் பிசிறு மிச்சமிருக்கிறது அல்லது கூர் வரவில்லை. ஆனாலும் பழுத்த தக்காளியின் மேல் அழுத்தாமல் கத்தியை வைத்து இழுத்ததும் தோல் திறந்துகொள்கிறதா என்பதையே எங்கள் வீட்டில் முடிவாகக் கொள்கிறோம்.

எல்லாக் கத்திக்கும் இந்த ஒரே பாடம் பொருந்தாது. ஒட்டுக்கத்தியில் ஒருபுறம் மட்டும் சரிவு, மறுபுறம் தட்டை. இளந்தண்டு ஒட்டில் தாய்மரத்துக் குச்சியின் அடியை ஆப்புப் போலச் சீவி, கன்றின் தண்டில் பிளந்த பிளவுக்குள் இறக்கிக் கட்டுகிறோம். குச்சியிலும் கன்றிலும் பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள வளர்திசு ஒன்றோடொன்று ஒட்டி உட்கார்ந்தால்தான் ஒட்டுப் பிடிக்கும். சீவிய பரப்பை இன்னொரு தட்டைப் பரப்போடு சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், நடுவில் ஒளிக்கோடு தெரியக் கூடாது. கத்தி மழுங்கியிருந்தால் ஒரே இழுப்பில் சீவ முடியாமல் இரண்டு மூன்று முறை அறுக்க நேர்ந்து, பரப்பு அலையலையாகி, திசு நசுங்கிவிடும். கத்தியின் தட்டைப் பக்கம் குச்சியோடு ஒட்டிச் செல்வதுதான் அந்தச் சமதளத்தைத் தருகிறது. ஆகவே சரிவுள்ள பக்கத்தை மட்டும் தீட்டி, தட்டைப் பக்கத்தைக் கல்லில் முழுக்கப் படியவைத்துப் பிசிறை எடுக்கும் அளவுக்கு மட்டும் தேய்க்க வேண்டும். அந்தப் பக்கத்தில் மயிரிழை அளவு தூக்கித் தேய்த்தாலும் அங்கே இன்னொரு சரிவு உருவாகி, கத்தி குச்சியை விட்டு விலகி ஓடும்.

ஆவக்காய் போடக் கொட்டையோடு மாங்காய் வெட்டுவது இதற்கு நேர் எதிரான வேலை. கொட்டையின் ஓட்டில் 15 பாகை வாயை இறக்கினால் வாய் சொட்டை விழும். லாரியின் வில்பட்டையில் கொல்லர் அடித்துக் கொடுத்த தடித்த வெட்டுக்கத்திக்கு நான் 25 பாகைக்குக் குறைத்துப் பிடிப்பதில்லை. 400 கல்லோடு நிறுத்திவிடுவேன், 1000 வரை போவதில்லை. மாங்காயின் புளிப்பு, துருப்பிடிக்கும் எஃகின் மெல்லிய ஓரத்தை அரிக்கும் என்பதால், வெட்டி முடித்த கையோடு கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவி வைப்பது தீட்டும் வேலையைப் பாதியாகக் குறைக்கிறது.

அரிவாள்மனைக்குக் கல் பக்கம் கத்தியைக் கொண்டுபோக முடியாது, கல்லைத்தான் கொண்டுபோக வேண்டும். பலகையை ஒருவர் மிதித்து அசையாமல் பிடித்துக்கொள்ள, சிறிய கல்லை விரல்களால் பின்புறமிருந்து பற்றி, வாய்க்கு எதிராகத் தள்ளாமல் முதுகிலிருந்து வாயை நோக்கி வெளியே செல்லும்படி தேய்க்க வேண்டும். அலகு உட்புறம் வளைந்திருக்கும் இடத்தில் தட்டைக் கல் படியாது. உருளைக் கட்டைத் துண்டு ஒன்றில் வாட்டர் பேப்பரைச் சுற்றிக்கொண்டால் அந்த வளைவில் அழகாக உட்காரும். தோட்டக்காரர்கள் அறுப்பரிவாளுக்கும் இதையே செய்யலாம், ஆனால் ரம்பம் போலப் பல் வெட்டிய கதிரரிவாளைக் கல்லில் தேய்த்துவிடக் கூடாது.

தண்ணீர்க் கல்லின் நடுப்பகுதி பயன்படுத்தப் பயன்படுத்தக் குழியும். குழிந்த கல்லில் கோணம் நிற்காது. ஒட்டுக்கத்தியின் தட்டைப் பக்கமும் கெடும். கல்லைச் சமன்செய்வதற்கென்று தனிக் கல் விற்கிறார்கள். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அது தேவையில்லை. கிருஷ்ணகிரி, பர்கூர்ச் சாலைகளில் உள்ள கிரானைட் பட்டறைகளில் பாலிஷ் செய்து வெட்டிப்போட்ட துண்டுகள் குவிந்து கிடக்கின்றன. கேட்டால் தருவார்கள். இரும்பு ஸ்கேலின் ஓரத்தை அதன்மேல் நிறுத்தி, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்துச் சமமான துண்டாகத் தேர்ந்துகொள்ளலாம். அதன்மேல் 120 எண் வாட்டர் பேப்பரை நனைத்துப் படியவைத்து, தீட்டுக்கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, கோடுகள் எல்லாம் அழியும்வரை தேய்த்தால் கல் சமமாகிவிடும். கல்லை வெயிலில் உலர்த்தாமல் நிழலில் உலர்த்துவது நல்லது.

அதே கிரானைட்தான் நம் சமையலறைகளில் கத்திக்கு முதல் பகையாகவும் இருக்கிறது. மேடையின் மேலேயே வெங்காயம் நறுக்கும் பழக்கம் எங்கள் ஊரில் மிகுதி. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம், கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோ அளவில் 7. சமையலறைக் கத்தியின் எஃகு அதைவிடக் குறைவு. காய் வெட்டுப்பட்டு வாய் கல்லைத் தொடும் ஒவ்வொரு முறையும் கூர் மடங்குகிறது. எவர்சில்வர் தட்டிலும் கண்ணாடிப் பலகையிலும் இதே கதைதான். மரப் பலகை வாங்காமல் தீட்டுக்கல் மட்டும் வாங்குவதில் பயனில்லை என்று நினைக்கிறேன். வேம்போ மாவோ எந்த மரமானாலும் சரி. தீட்டிய அன்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மழுங்கிய கத்திக்குப் பழகிய கை அதே அழுத்தத்தோடு இறங்கும்.

வாய் சொட்டை விழுந்த கத்தியையும், அலகு தேய்ந்து தடித்துப்போன பழைய கத்தியையும் கல்லில் சரிசெய்ய உட்கார்ந்தால் பொழுது போய்விடும். அவற்றைச் சாணைக்காரர் வரும்வரை எடுத்து வைத்துவிடுவது நல்லது. அவர் சக்கரத்தில் பிடிக்கும்போது பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்து, இரண்டு இழுப்புக்கு ஒருமுறை நனைத்துக் கொள்ளச் சொல்லிக் கேட்டுக்கொண்டால் பதம் கெடாது. கடைசிக் கூரை மட்டும் வீட்டுக் கல்லில் ஏற்றிக்கொள்ளலாம்.